கூட்டமில்லாத அலைகள்

கீழ்க்கரையிலே, பொத்துவிலுக்குத் தெற்கே, உல்லைக் கிராமத்தை அணைத்தபடி கிடக்கிறது அறுகம்குடா. ஆண்டுதோறும் மே முதல் ஒக்டோபர் வரை, அலைச்சறுக்கில் ஈடுபாடு கொண்ட பல தேசத்தவர் பலகையுடன் அங்கே வந்து கூடுகின்றனர். குடாவின் தென்முனையிலே பொழுது புலர்ந்த சிறிது நேரத்துக்குள், வரப்போகும் ஓர் அலைக்காகப் பலர் காத்திருப்பதைக் காணலாம். ஓர் அலையில் ஒருவரே ஊர்தல் வேண்டும். உடைகின்ற முகட்டுக்கு மிக அண்மையில் இருப்பவருக்கே அது உரியது. இது இவ்விளையாட்டின் எழுதாச் சட்டம். கூட்டம் பெருகியதும் சட்டம் மறந்துபோகிறது. பலகையோடு பலகை மோதுகிறது. விளையாட வந்தோர் வாதாடிக் கரையேறுகின்றனர்.

இந்த நெருக்கடியை விட்டு விலக விரும்புவோர், அலை பிறக்கும் வகையை முதலில் அறிதல் நன்று. இந்து சமுத்திரத்தின் தென்கோடியிலே எழும் புயல்கள் நெடுந்திரைகளை வடக்கு நோக்கி அனுப்புகின்றன. அவை கடலுக்குள் நீண்டு நிற்கும் முனைகளைச் சுற்றி வளைந்து, தெற்கிலிருந்து வடக்காக ஒழுங்காய் உடைந்து செல்கின்றன. கச்சான் காற்று தரையிலிருந்து கடல் நோக்கி வீசும்போது அலையின் முகம் குலையாது நிமிர்ந்து நிற்கும். ஆகவே, அறுகம்குடாவின் முனை செய்வதை அக்கரையின் ஏனைய முனைகளும் தத்தம் அளவிற்குச் செய்கின்றன.

வடக்கே சென்றால் பொத்துவில் முனை. அங்கே அடித்தளம் பெரும்பாலும் மணல். பருவத்தின் நடுப்பகுதியில் மணல் படிந்து ஒழுங்கான பின்னரே அலை நீண்டு ஓடும். அதற்கும் அப்பால் விஸ்கி முனை. அதனையும் கடந்தால் வெளிச்சவீட்டு முனை. முன்னையது புதிதாகப் பழகுவோர்க்கும் ஏற்றதாகையால், இப்போது அங்கும் கூட்டம் உண்டு. தெற்கே யானைப்பாறை, முதலைப்பாறை, கச்சான் தோட்டம் என்பன உள. காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயரை வழங்கும் நம்மவருக்கு இப்பெயர் சிறிது மயக்கந் தரலாம். இங்கே குறிக்கப்படுவது நிலக்கடலையே. பாணமையையும் கடந்து நெடுந்தூரம் சென்றால், குமண வனத்தின் வாயிலிலே உகந்தை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் காட்டினுள் நுழையுமுன் வழிபடும் முருகன் தலம் அது. ஆடி விழாவை ஒட்டிய நாட்களில் அங்கே செல்வோர், உடையிலும் நடத்தையிலும் அவ்விடத்துக்குரிய அடக்கத்தைப் பேணுவதே முறை.

தொலைவு செல்ல இயலாதவருக்கும் வழி உண்டு. கூட்டம் இடத்தை மட்டுமன்றிப் பொழுதையும் பொறுத்தது. பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஆட்கள் குறைவு. விடியற்காலையில் காற்றும் அடங்கியிருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் நீர்ப்பரப்புக் கலங்கிவிடும். எந்த முனையில் இவ்வாண்டு மணல் எவ்வாறு படிந்துள்ளது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அதனை உல்லையின் மீனவரிடமும், அவ்வலைகளிலேயே வளர்ந்த இளைஞரிடமும் கேட்டறிதல் வேண்டும். அவருள் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது வீண் செலவு ஆகாது.

ஏனெனில், ஆளில்லாத அலைக்கு ஒரு விலை உண்டு. கூட்டத்தின் நடுவே ஒருவர் பாறையில் அடிபட்டால் தூக்கிவிடப் பத்துக் கைகள் நீளும். தனித்த முனையிலே எவருமில்லை. தென்பகுதியின் களப்புகளிலும் ஓடைகளிலும் முதலைகள் வாழ்கின்றன. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில், யானைப்பாறையை அண்டிய நீர்நிலையோரம் சென்ற வெளிநாட்டு இளைஞர் ஒருவர் முதலைக்கு இரையானார். அலையில் ஆடிய களைப்போடு களப்பிலே கைகால் அலம்ப எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளட்டும். தனியே செல்லாது இருவராகச் செல்வதும், செல்லும் இடத்தைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் நலம். பாணமை வீதியில் அந்திவேளையில் யானைகள் குறுக்கே வரும். ஆதலால் முச்சக்கர வண்டிக்காரரிடம் பொழுது சாயுமுன்னரே திரும்ப வேண்டுமென்று புறப்படும்போதே பேசிக்கொள்ளல் வேண்டும்.