வாலடைல்: எந்தப் பக்கம் ஆடும்?

இன்னைக்கு நம்ம வார்த்தை, வாலடைல். அமெரிக்கர்கள் வாயில் இது ‘வாலடில்’.

‘பறத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் பறவைகளையே இப்படிச் சொன்னாங்க. அப்புறம் வேதியியலுக்குப் போச்சு. மூடியைத் திறந்து வச்சா ஆவியாப் போயிடுற பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் வாலடைல். அங்கிருந்து, சட்டுனு மாறுற எதுக்கும் இந்தப் பேர் ஒட்டிக்கிச்சு.

‘மார்க்கெட் வாலடைலா இருக்கு’ன்னு கேட்டா உடனே, ‘ஐயோ, விழுதா?’ன்னு பதறுறோம். 2024 ஜூன் 3, நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. மறுநாள் தேர்தல் முடிவு. கிட்டத்தட்ட 6 சதவீதம் இறங்குச்சு. 5ஆம் தேதி திரும்பவும் 3 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. மூணு நாளுமே வாலடைல்தான். இந்தச் சொல் திசையைச் சொல்லாது, ஆட்டத்தைத்தான் சொல்லும்.

மனுஷங்களுக்கு வந்தா அர்த்தம் இன்னும் கூர்மை: எப்போ கோபம் வெடிக்கும்னு தெரியாத ஆள். முன்னாடி ஒரு வேலையில, அடிக்கடி பிளானை மாத்துற நண்பனைப் பத்தி ஃபீட்பேக்ல ‘வாலடைல்’னு எழுதிட்டேன். “நான் என்னைக்குடா கோபப்பட்டேன்?”னு கேட்டான். ‘அன்பிரெடிக்டபிள்’னு எழுதியிருந்தா போதும். மேனேஜர்கிட்ட போய், அந்த வரியைத் திருத்திக் கொடுத்துட்டு வந்தேன்.

அதனால பங்குக்குத் தாராளமா சொல்லுங்க. ஆளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!