குரலும் இளியும் மின்சாரக் கிதாரும்

மாதுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தகைய இசை ஒலிக்கும் என்பதை, தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நீங்களும் எளிதில் உய்த்துணர்வீர்கள். 1952-இல் சண்முகானந்த சபை தோன்றிய வட்டாரமல்லவா! நம் இல்லத்திலோ சென்ற ஆண்டு முதல் வேறோர் ஓசை. கல்லூரியில் பயிலும் நம் மகன் பழைய மின்சாரக் கிதார் ஒன்றை வாங்கி வந்தான். ஒலிபெருக்கியை முடுக்கி இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டினான். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போன்ற முழக்கம்! மறுநாட் காலையே கீழ்த்தளத்து முதியவர் படியேறி வந்துவிட்டார். சினம் மேலிட, "விற்றுவிடு" என்றோம். மூன்று நாள் அவன் நம்முடன் பேசவில்லை.

நான்காம் நாள் நம் அன்னையார் அமைதியாகச் சொன்னார்: "அவன் சட்ஜ பஞ்சமம்தானேடா வாசிக்கிறான்?"

உண்மை அதுவே. ராக், மெட்டல் இசையில் 'பவர் கார்டு' எனப்படுவது இரு சுரங்களின் கூட்டு. ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டையில் சுட்டுவிரல். ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் கட்டையில் மோதிரவிரல். ஏனைய தந்திகள் ஒலியாதபடி விரலின் அடிப்பகுதி தொட்டு நிற்கும். கையின் இவ்வமைப்பைக் கலைக்காமல் மேலும் கீழும் நகர்த்தினால், எச்சுருதிக்கும் அதன் பஞ்சமம் உடன் வரும். வலக்கையின் ஓரத்தைத் தந்தியின் அடியில் மெல்லப் பதித்து மீட்டினால் முழக்கம் அடங்கி, குதிரைக் குளம்பொலி போல் கேட்கும்.

காந்தாரத்தை ஏன் விலக்கினர்? ஒலிபெருக்கி அளவுகடந்து முடுக்கப்படும்போது ஒலியலை சிதைந்து, மூலத்தில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. சட்ஜ பஞ்சமங்களின் அதிர்வுகள் 2-க்கு 3 என்னும் எளிய விகிதத்தில் நிற்பதால், அப்புதிய ஒலிகளும் அவற்றோடு இசைகின்றன. ஒரு தாயி கீழேயும் ஓர் ஒலி எழுந்து கனம் சேர்க்கிறது. காந்தாரம் புகுந்தால் குழப்பமே மிஞ்சும்.

மொழிபெயர்ப்பு நம் பிழைப்பாதலால் இதற்கொரு கலைச்சொல் தேடினோம். 'ஆற்றல் நாண்' என்று எழுதி, உடனே அடித்துவிட்டோம். சிலப்பதிகார உரையில் விடை கிடைத்தது. நின்ற நரம்புக்கு ஐந்தாவது 'கிளை'. மூன்றும் ஆறும் 'பகை'. குரலுக்கு இளி கிளை. ஒலிபெருக்கியைக் கனவிலும் கண்டிராத உரையாசிரியர் மூன்றாவதைப் பகை என்றது நம்மைச் சற்றே திகைக்க வைத்தது.

மகனுடன் சமாதானமாயிற்று. ஒரு ஞாயிறன்று தாராவியில் பிளாஸ்டிக் கழிவை உருக்கும் கூடங்களின் வழியே நடக்கையில் அவன் டோனி அயோமியின் கதையைச் சொன்னான். 1965-இல் பர்மிங்காம் நகரத் தகட்டுத் தொழிற்சாலையில், பதினேழு வயதில், இரு விரல்களின் நுனியை எந்திரத்துக்குப் பறிகொடுத்தவர் அவர். பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். பின்னர் வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார். 1970-இல் பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அவருக்கும் முன்னர், 1958-இல் லிங்க் ரே 'ரம்பிள்' என்ற இசைத்தட்டுக்காக ஒலிபெருக்கியின் தாளில் துளையிட்டார். சொல்லே இல்லாத அவ்விசையை அமெரிக்க வானொலி நிலையங்கள் சில விலக்கிவைத்தன. வானொலியில் இதை ஒப்புக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பம்பாய்க்கும் இவ்விசை புதிதன்று. 1984-இல் ராக் மெஷின் குழு இங்கே தோன்றியது.

சென்ற மாதம் பரண்மேல் கிடந்த தம்புராவை அன்னையார் இறக்கச் சொன்னார். பேரன் தன் தந்திகளைத் தளர்த்தி அதன் சுருதிக்குச் சேர்த்தான், ஒலிபெருக்கியையும் தணித்துக்கொண்டான். இருவரும் நெடுநேரம் மீட்டினர். கீழ்த்தளத்து முதியவர் அன்றும் படியேறி வந்தார். கதவருகே நின்று கேட்டுவிட்டு, "என்ன கட்டை சுருதி?" என்று வினவினார்.