பத்து சென்ட் நிலமும் கௌரி அம்மாவும்

1957 ஏப்ரல் 5-ஆம் தேதி, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரள மாநிலத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. அதில் இருந்த ஒரே பெண் கே.ஆர். கௌரி அம்மா. வயது 37. சேர்த்தலைப் பக்கம் பட்டணக்காட்டில் பிறந்தவர். ஈழவச் சமூகத்தில் சட்டம் படித்த முதல் பெண். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து சிறைக்குப் போய், போலீஸ் சித்திரவதையையும் அனுபவித்தவர்.

அவருக்குக் கிடைத்தது வருவாய்த் துறை. நிலம் முழுக்க ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களின் கையில் இருந்த காலம் அது. கூலி வேலை செய்பவரின் குடிசைகூட ஜன்மியின் மண்ணில்தான் நின்றது. ஜன்மிக்குக் கோபம் வந்தால் மறுநாள் குடிசை இருக்காது. பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 11-ஆம் தேதியே, யாரையும் நிலத்திலிருந்து வெளியேற்றக்கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. அடுத்து நில உறவு மசோதா. 1959 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது; ஜூலை 31-ஆம் தேதி ஆட்சியையே மத்திய அரசு கலைத்துவிட்டது.

இதற்கிடையில் சக அமைச்சர் டி.வி. தாமஸுடன் திருமணம். 1964-இல் கட்சி உடைந்தபோது கணவர் ஒரு பக்கம், இவர் மார்க்சிஸ்ட் பக்கம்.

1967-இல் மறுபடியும் வருவாய்த் துறைக்கு வந்தார். விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1969-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜன்மி முறை ஒழிந்தது. குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு, பஞ்சாயத்துப் பகுதியென்றால் பத்து சென்ட் வரை, சந்தை விலையில் கால்பங்குக்கு வாங்கும் உரிமை கிடைத்தது. அந்தக் கால்பங்கிலும் பாதியை அரசே ஏற்றுக்கொண்டது. இனி "இறங்கிப் போ" என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. 1987-இல் முதல்வர் பதவி அவருக்குக் கைநழுவியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பத்து சென்ட் அதைவிடப் பெரிது.

குறையும் உண்டு. தோட்ட நிலங்களுக்கு விலக்கு தரப்பட்டது. தலித்துகளுக்கு வீட்டுமனை கிடைத்ததே தவிர, உழுது பிழைக்க வயல் கிடைக்கவில்லை. ஆதிவாசிகளோ இருந்த நிலத்தையும் பிறரிடம் இழந்துகொண்டிருந்தார்கள்.

1994-இல் மார்க்சிஸ்ட் கட்சி கௌரி அம்மாவை நீக்கியது. ஜே.எஸ்.எஸ். என்ற தனிக்கட்சி தொடங்கி காங்கிரஸ் அணிக்குப் போனார். 1996-இல் ஒரு திருத்த மசோதா வந்தது. ஆதிவாசிகள் பறிகொடுத்த நிலத்தை மீட்டுத் தர வேண்டும் என்ற 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தையே அது நீர்த்துப்போகச் செய்தது. ஆளும் அணியும் எதிரணியும் சேர்ந்து ஆதரித்தன. 140 பேர் கொண்ட சட்டமன்றத்தில் எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர்: 77 வயது கௌரி அம்மா. மசோதா நிறைவேறியது. ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.