கூதிர்க்கால முழுமதியும் உடல்நலமும்

(நந்தீசுவர விழாவின் நிறைவு நாளில் புதுக்கோட்டையில் ஆற்றிய உரை)

 

நான் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மருத்துவம் பயின்றவள் அல்லள். ஆயினும் முழுமதியையும் உடல்நலத்தையும் பற்றிப் பேசுமாறு பணித்தபோது என்னால் மறுக்க இயலவில்லை. அதற்குக் காரணம் என் தாயார். அவரைப் பற்றிச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தொல்காப்பியர் அதனைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கினார். ஏறத்தாழ இதே காலத்தை வடமொழியாளர் 'சரத்' என்பர். ஆனால் பெயர் மட்டும் வேறன்று, வானமும் வேறு. வடநாட்டில் அப்போது பருவமழை ஓய்ந்து, வானம் கழுவித் துடைத்தாற்போல் தெளிந்திருக்கும். நம் புதுக்கோட்டைச் சீமையிலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும், கண்மாய்கள் நிறையும், முழுமதி பல ஆண்டுகளில் முகிலுக்குப் பின்னேயே எழுந்து மறையும்.

தெளிந்த வானத்தில் பிறந்தவையே சரத் பூர்ணிமைக் கதைகள். பதினாறு கலைகளும் நிரம்பிய அன்றைய நிலவு அமுதம் பொழிகிறது என்பது வடநாட்டு நம்பிக்கை. பாற்பாயசத்தை இரவு முழுதும் நிலவொளியில் வைத்து உண்பர். ஆஸ்துமா உடையோருக்கு அன்று மூலிகை கலந்த பாயசம் வழங்கும் ஊர்களும் உண்டு. 'விழித்திருப்பவர் யார்?' என்று கேட்டபடி அன்றிரவு திருமகள் வீதியுலா வருவதாக வங்க மக்கள் கூறுவர். தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் ஐப்பசி முழுமதியன்று அன்னாபிடேகம் நிகழும். நமக்கும் அந்நாள் நினைவுக்குரியது; ஆசாரிய வித்யாசாகர் 1946ஆம் ஆண்டு சரத் பூர்ணிமையன்று பிறந்தார். அதற்கு அடுத்த முழுமதியோ, வளர்பிறை அட்டமியில் தொடங்கும் நம் எட்டு நாள் நந்தீசுவர வழிபாடு நிறைவுறும் நாள்.

இவ்விரு முழுமதிகளுக்கும் இடைப்பட்ட ஒரு மாதத்தில்தான் என் தாயார் மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அம்மாவுக்கு நெடுநாளாக இரைப்பு நோய். நாள்தோறும் காலையும் மாலையும் இன்ஹேலர் இழுக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. வடநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் நிலாப் பாயசத்தின் பெருமையைச் சொன்னார். அம்மா இரவில் உண்ணாதவர். ஆகவே பகலிலேயே பாயசம் காய்ச்சி, சரத் பூர்ணிமை இரவு மொட்டைமாடியில் வைத்து, மறுநாள் கதிரவன் எழுந்த பின் உண்டார். உடம்பு இலேசானதுபோல் தோன்றியதாம். அன்று முதல் இன்ஹேலரைத் தொடவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பரணிலிருந்து பழைய கம்பளி இறங்கிற்று. நந்தீசுவர நாள்களில் ஒருவேளை உணவு விரதம் ஏற்றார். நிறைவு நாள் முழுமதியன்று, பின்னிரவில், மூச்சு இழுத்துக்கொண்டது; பேசச் சொல் எழவில்லை; உதடு நீலம் பாய்ந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். உயிர் பிழைத்தார். வந்து பார்த்தோர் எல்லாரும், 'பௌர்ணமி அல்லவா, இழுக்கத்தான் செய்யும்' என்றனர். மருத்துவர் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை நாளாக மருந்தை நிறுத்தினீர்கள்?" அதற்கு விடை ஒரே வீட்டில் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நிலவின்மேல் பழி சுமத்துவது எளிது. கடல் பொங்குவதுபோல் உடலிலுள்ள நீரும் பொங்கும் என்பர். கடலின் ஏற்றவற்றம் அதன் பரப்பால் விளைவது. மனித உடல் அளவில் அவ்விழுவிசை வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. இரைப்பை மிகுவிப்பவை வேறு: ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சணம், பழந்துணியில் வாழும் நுண்பூச்சி, குளிர்காற்று, மழைக்காலச் சளிக்காய்ச்சல், புகை. பின்னிரவிலும் விடியலிலும் மூச்சுக்குழல் இயல்பாகவே சுருங்கும். அதற்கு அமாவாசை, பௌர்ணமி என்ற வேறுபாடு இல்லை.

முன்னோர் சொன்ன அனைத்தும் பொய் என்று நான் கூறவில்லை. முழுமதி நாளில் உறக்கம் குறையும் என்பதற்குச் சிறிது சான்று உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 33 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், முழுமதியை ஒட்டிய நாள்களில் உறக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் குறைந்திருந்தது. அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினரிடம் நிகழ்த்தி 2021இல் வெளியான ஆய்வு, முழுமதிக்கு முந்திய இரவுகளில் அவர்கள் தாமதமாகவும் குறைவாகவும் உறங்குவதைக் கண்டது. உறக்கக் குறைவு வலிப்பு நோயினரையும் மனநோயினரையும் தாக்கக்கூடும். ஆகவே அந்நாள்களில் அவர்களை உரிய நேரத்தில் உறங்கச் செய்யுங்கள். மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மந்திரிக்க அழைத்துச் சென்று நாளைக் கடத்தாதீர்கள்.

நிலாப் பாயசத்துக்கு மறுப்பு நம் வீட்டிலேயே இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். இரவு கடந்த உணவில் உயிர்கள் தோன்றும். அதனை உண்ணலாகாது என்பது நம் ஒழுக்கம். பாலுணவு வெளியில் கிடந்தால் கிருமி பெருகும் என்கிறது இன்றைய அறிவியல். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

இனி விரதம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தை நம்மில் பலர் கண்டிருப்பீர்கள். அங்குள்ள 17 கற்படுக்கைகளில் துறவியர் கூதிர் இரவுகளைக் கழித்தனர். அவர்கள் தம் ஆற்றலை அறிந்து தவம் ஏற்றவர்கள். தீர்த்தங்கரர் நிலைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளுள் ஒன்று, தன் ஆற்றலுக்கு ஏற்பத் தவம் செய்தல். ஆற்றலுக்கு மீறியது என்று அங்குச் சொல்லப்படவில்லை.

புறத்தவங்கள் ஆறு, உண்ணாமை அவற்றுள் ஒன்றே. வயிறு நிரம்பாமல் உண்பதும் தவம். உப்பு, இனிப்பு, நெய் முதலிய சுவைகளை விடுவதும் தவம். இரத்த அழுத்தம் உடையவர் உப்பைக் குறைத்தாலே விரதமும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளாமல் உண்ணாநோன்பு ஏற்கக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் தோன்றினாலோ, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, உடனே சர்க்கரை கலந்த நீர் அருந்த வேண்டும். விரதம் முறிந்ததே என்று கலங்க வேண்டா. அகத்தவங்களுள் முதலாவதே பிராயச்சித்தம் அன்றோ? மூச்சில் இழுக்கும் மருந்து உணவன்று. ஐயம் இருப்பின், விரதம் ஏற்கும்போதே மருந்துக்கு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அகத்தவங்களுள் மூன்றாவது வையாவிருத்தியம்; நோயுற்றோர்க்கும் தவத்தோர்க்கும் தொண்டு செய்தல். இளையோரே, உங்களை ஒன்று வேண்டுகிறேன். இன்றிரவு வீடு திரும்பியதும் பாட்டியின் அருகில் அமருங்கள். "ஆத்தா, மருந்து எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேளுங்கள். 'ஆம்' என்றால் அதோடு விட்டுவிடாமல் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.

அறம் வளர்க! அனைவரும் நலமுடன் வாழ்க!