முதலில் வாசிக்கட்டும், பிறகு எழுதட்டும்

(தொடக்கநிலை நிரலாக்கக் கல்வி குறித்த கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



கருத்தரங்கை ஏற்பாடு செய்த துறையினருக்கும், இரவுப் பேருந்தில் தூக்கம் கெட்டு வந்து சேர்ந்திருக்கும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கும், கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் என் நன்றி. தலைமை உரை நீண்டால் கட்டுரையாளர்களின் நேரம்தான் பறிபோகும். எனவே ஒரே ஒரு கருத்தைச் சொல்லி அமர்ந்துவிடுகிறேன். நிரல் எழுதச் சொல்வதற்கு முன்னால் நிரலை வாசிக்கச் சொல்லித்தர வேண்டும். நம் வகுப்புகளில் இது அநேகமாக நடப்பதே இல்லை என்பது என் குற்றச்சாட்டு. மறுப்பவர்கள் பிற்பகல் அமர்வில் தாராளமாக மறுக்கலாம்.

கணினியை அறியாதவருக்கும் நிரலாக்கம் சொல்லித்தரலாம் என்ற எண்ணம் செயலுக்கு வந்த நாள் ஒன்று உண்டு. 1964 மே 1 அன்று அதிகாலை நான்கு மணிக்கு, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழி முதன்முதலாக ஓடியது. உருவாக்கிய ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் கணிதப் பேராசிரியர்கள். அவர்கள் மனத்தில் வைத்திருந்ததோ இலக்கியமும் வரலாறும் படிக்க வந்த மாணவர்களை. அந்தக் காலத்தில் நிரல் என்றால் அட்டையில் துளையிட்டு, அடுக்கிக் கட்டி, கணினி அறையில் ஒப்படைத்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் மறுநாள்தான் முடிவு கைக்கு வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அத்தனை காத்திருப்பும் வீண். கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கோடு சேர்த்து, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் செய்தார்கள். தட்டச்சு செய்தவருக்கு அங்கேயே, அப்போதே பதில் வந்தது. பேசிக்கின் வெற்றிக்கு எளிய சொற்கள் ஒரு காரணம் என்றால், இந்த உடனடிப் பதில் அதைவிடப் பெரிய காரணம் என்பேன். பேசிக் படித்தவர்களைத் தேற்றவே முடியாது என்ற பொருளில் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் காட்டமாக எழுதினார். பேசிக்கில் கைபழகிய தலைமுறைதான் பிறகு வீட்டுக்கு வீடு கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேதைகளுக்கும் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1967-இல், வாலி ஃபோர்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோரின் முயற்சியில் லோகோ பிறந்தது. இது குழந்தைகளுக்கான மொழி. சில ஆண்டுகளில் அதனுடன் ஓர் ஆமையும் சேர்ந்துகொண்டது. முதலில் தரையில் ஊரும் பொறி, பிறகு திரையில் நகரும் சிறு முக்கோணம். நூறு அலகு முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம் வரும். அடுத்து முக்கோணம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை லோகோ நடத்திய ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது என்று குழந்தைக்குத் தெரியும். அறுபது பாகை திரும்பு, மூன்று முறை செய் என்று எழுதும். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு, அறுகோணத்தின் பாதியில் வாய் திறந்தபடி நிற்கும். குழந்தை எழுந்து தரையில் தானே நடந்து பார்க்கும். மூலையில் நின்று உடம்பைத் திருப்பும்போதுதான், திரும்ப வேண்டியது உள்ளே இருக்கும் கோணம் அன்று, வெளியே 120 பாகை என்பது புரியும். ‘தப்பு’ என்று சொல்ல அங்கே ஆசிரியர் தேவைப்படவில்லை. கட்டளை என்ன செய்தது என்பது கண்ணெதிரே கோடாகக் கிடந்தது.

நம் மாணவருக்குக் கிடைக்காதது இதுதான். நாம் கரும்பலகையில் எழுதுகிறோம், அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். உள்ளே என்ன நடந்தது என்பதை இருவரும் பார்ப்பதில்லை.

நான்கு வரியில் ஒரு நிரலைச் சொல்கிறேன். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், கடைசி வரியில் அச்சிடும் கட்டளையை மட்டும் அதன் மொழியில் எழுதிக்கொண்டால் இது அப்படியே ஓடும்.

அ = 10
ஆ = அ
அ = 20
ஆ-வை அச்சிடு

விடை என்ன? பத்து. முதல் முறை பார்க்கும் மாணவர்களில் கணிசமானோர் இருபது என்பார்கள். இது உலகம் முழுவதும் பதிவாகியிருக்கும் தவறு; நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அவர்களைக் கேட்டுப் பாருங்கள், காரணம் தெளிவாக வரும்: “ஆ-வும் அ-வும் சமம்னு ரெண்டாவது வரியில சொல்லிட்டோம்ல சார்? அ மாறினா ஆ-வும் மாறணுமே.” அந்த மாணவர் கணித வகுப்பை ஒழுங்காகக் கவனித்தவர். ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அச்சேற்றிய சமக்குறி, இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்று என்றுதான் சொல்கிறது. சரியாக 400 ஆண்டுகள் கழித்து வந்த ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை எடுத்து, ‘வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்தில் இப்போது வை’ என்ற கட்டளையாக்கிவிட்டது. குழப்பம் வரும் என்று உணர்ந்த அல்கால் மொழிக்காரர்கள் சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி வைத்தார்கள். நிக்லஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கலும் அதைப் பின்பற்றியது. வென்றதென்னவோ ஃபோர்ட்ரான் வழிதான். அதற்கான அபராதத்தை இன்றும் பதினோராம் வகுப்பு மாணவர் கட்டிக்கொண்டிருக்கிறார். ‘அ = அ + 1’ என்ற வரியைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளையை மந்தம் என்று நினைக்காதீர்கள். சுளிக்காத பிள்ளைதான் கவலைக்குரியது.

இதற்கு மருந்து கரும்பலகையிலேயே இருக்கிறது. இரண்டு கட்டம் போட்டு, ஒன்றின் தலையில் அ, மற்றதில் ஆ என்று எழுதுங்கள். முதல் வரி முடிந்ததும் அ-வின் கீழே 10. இரண்டாவது வரியில் ஆ-வின் கீழே 10. மூன்றாவது வரியில் அ-வின் பத்தை அடித்துவிட்டு 20. ஆ-வை யாரும் தொடவில்லை என்பது வகுப்புக்கே தெரியும். நம் தொழிலில் ‘டிரை ரன்’ என்று பழகிப்போன விஷயம்தான். ஆனால் அதைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக ஒதுக்கிவிட்டு, வகுப்பில் நேராக ‘நிரல் எழுதுக’வுக்குப் போய்விடுகிறோம்.

இது என் சொந்த எரிச்சல் மட்டும் அன்று. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம் எளிய கணிப்பான் நிரல்களை எழுதச் சொன்னது. 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. சிக்கலைப் பிரித்துத் தீர்வு காணும் திறன் போதவில்லை என்று அன்று பலரும் விளக்கம் சொன்னார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் தோழர்களும் வேறு விதமாகக் கேட்டார்கள்: எழுதவே வேண்டாம், எழுதிக் கொடுத்த சிறு நிரல் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லுங்கள். ஏழு நாடுகளின் மாணவர்களில் பலர் அங்கேயே தடுமாறினார்கள். பத்து வரியைப் பின்தொடர முடியாதவரிடம் ஐம்பது வரி எழுது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடக் கேட்கிறேன். நெறிமுறை என்றால் என்ன என்று விளக்க, தேநீர் போடும் படிகளை எழுதச் சொல்வோம். தண்ணீரைக் கொதிக்கவை, தூளைப் போடு, வடிகட்டு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள், வகுப்பு கலகலப்பாக இருக்கும். ஆனால் அந்தப் படிகளைப் படித்துத் தேநீர் போடுபவர் மனிதர். அடுப்பைப் பற்றவை என்று எழுதாவிட்டாலும் பற்றவைத்துக்கொள்வார். ராய் பீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986-இல், தொடக்கநிலை மாணவர்களின் தவறுகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கை இருப்பதாக எழுதினார்: கணினிக்குள் ஒரு மனம் இருக்கிறது, நான் நினைப்பதை அது புரிந்துகொள்ளும். தேநீர் எடுத்துக்காட்டு இந்த நம்பிக்கைக்குத்தான் உரம் போடுகிறது. மாறிக்குப் ‘பெரியது’ என்று பெயர் வைத்துவிட்டால் அதில் பெரிய எண் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பெயர் நமக்காக, பொறிக்கு அது வெறும் அடையாளம் என்று யாரும் அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மொழிச் சிக்கலுக்கு வருகிறேன். இன்றைய கட்டுரைகளில் சில இதைப் பற்றியவை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி ‘ஆனால்’ என்று முடிக்கலாம். நம் வாக்கியம் போகிற போக்கிலேயே நிரலும் போகும். இதை வரவேற்கிறேன். இருந்தாலும், ஆங்கிலக் கட்டளைச் சொற்கள்தாம் பெரிய தடை என்பதை நான் ஏற்கவில்லை. பைத்தானின் சிறப்புச் சொற்கள் மொத்தமே 35. கிரிக்கெட்டில் அதைவிட அதிகமான ஆங்கிலச் சொற்களை நம் பிள்ளைகள் அறிவார்கள். தடை பிழைச்செய்தியில் இருக்கிறது. அது முழு ஆங்கில வாக்கியம். சிவப்பு எழுத்தில், அதட்டும் தொனியில் வரும். மாணவர் அதைப் படிப்பதே இல்லை, நேராக ஆசிரியரைக் கூப்பிடுகிறார். போதாக்குறைக்கு, அது எப்போதும் உண்மையைச் சொல்வதும் இல்லை. மூன்றாம் வரியில் அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பைத்தான் நான்காம் வரியைக் குற்றம் சொல்லும். மாணவர் ஒரு பாவமும் அறியாத நான்காம் வரியையே வெறித்துக்கொண்டிருப்பார். 2021-இல் வந்த 3.10 பதிப்புதான் மூடாத அடைப்பையே சுட்டிக்காட்டத் தொடங்கியது. பிழைச்செய்திகளைத் தமிழில் விளக்கும் ஒரு சிறு கையேடு, நூறு கலைச்சொற்களை உருவாக்குவதைவிட அவசரமான வேலை.

நம் மேல்நிலைப் பாடத்திட்டம் 2018-இல் பதினோராம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ்ஸையும், அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானையும் வைத்தது. இரண்டும் நல்ல மொழிகள். வரிசைதான் எனக்கு உறுத்துகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லைத் திரையில் கொண்டுவருவதற்குள் தலைப்புக் கோப்பு, முதன்மைச் செயற்கூறு, நெளிவு அடைப்புகள், அரைப்புள்ளி எல்லாம் வந்துவிடும். “இதெல்லாம் என்ன மிஸ்?” என்று கேட்டால், “இப்போதைக்கு அப்படியே எழுதிக்கோ, பின்னால சொல்றேன்” என்போம். முதல் நாளிலேயே, புரியாமல் எழுதுவது இந்தப் பாடத்தில் சகஜம் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதன் விளைவைச் செய்முறைத் தேர்வில் பார்க்கிறோம்: ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரல்களை வரி பிசகாமல் மனப்பாடமாக எழுதும் மாணவர், அதில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் விழிக்கிறார். பைத்தானில் அதே ‘வணக்கம்’ ஒரே வரி.

ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாசிப்பதற்குக் கணினி வேண்டாம் என்பதே பெரிய வசதி. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பட்ரிஷியா ஹேடன் இருவரும் 2006-இல் முன்வைத்த பயிற்சி இது: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. அவர்கள் கணினியில் செய்ததை நாம் காகிதத் துண்டுகளில் செய்யலாம். வகுப்பின் உயர்ந்த மதிப்பெண்ணைக் காணும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மதிப்பெண்ணைப் ‘பெரியது’ என்று வை, ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் பார், அது பெரியதைவிடக் கூடுதலாக இருந்தால், பெரியதை மாற்று, பெரியதை அச்சிடு. ஐந்தே துண்டுகள். கடைசித் துண்டை மடக்குக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்று மூன்று பேர் வாக்குவாதம் செய்யட்டும். உள்ளே வைத்தால் எத்தனை முறை அச்சாகும் என்று விரல்விட்டு எண்ணட்டும். ஒரு பாடவேளைக்கு இது போதும்.

‘இதெல்லாம் சிலருக்குத்தான் வரும்’ என்ற ஆசிரியர் அறைப் பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. 2006-இல் சயீத் தெனாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும், நிரல் எழுத வருபவர்களையும் வராதவர்களையும் பாடம் தொடங்கும் முன்பே ஒரு தேர்வால் பிரித்துவிடலாம் என்று எழுதிய வரைவு உலகெங்கும் பரவியது. 2014-இல் போர்னாட் அந்தக் கூற்றைத் தாமே திரும்பப் பெற்றார். வரைவு பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை.

செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குத் தனி அமர்வே இருக்கிறது. அது எழுதித் தருவதைச் சரிபார்க்கவும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வரியோடு முடித்துவிடாதீர்கள். உங்கள் மாணவர் எழுதிய ஒரு தவறான நிரலை, பெயரை மறைத்துவிட்டு, திருத்தாமல் திரையில் காட்டுங்கள். அவர் என்ன நினைத்து அப்படி எழுதினார் என்று அவரிடமே கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்காதவர்கள் கேட்டு, நூலாகும் கட்டுரையில் சேர்த்து அனுப்புங்கள். தொகுப்பாசிரியர் குழு அதற்கு இடம் ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.