பண்ணைக்குட்டைக்கு மண் சிமெண்டுப் பூச்சு



ஐப்பசி மழையில் நிரம்பிய குட்டை, பயிருக்கு உயிர்த்தண்ணீர் தேவைப்படும் நாளில் வறண்டு கிடப்பதைச் செம்மண் நிலத்தார் நன்கறிவீர்கள். வெயில் குடிக்கும் நீரைப் பூச்சு தடுக்காது. மண் குடிக்கும் நீரை மட்டுமே தடுக்கும்.

செம்மண் 6 பங்கு, சிமெண்டு 1 பங்கு, 5 செ.மீ. கனம் என்பது செம்மண் குட்டைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. 100 சதுர மீட்டர் பரப்புக்கே 20 மூட்டைக்குக் குறையாமல் சிமெண்டு பிடிக்கும். அவ்வளவு பணத்தைக் கொட்டுமுன் மண்ணைப் பாருங்கள்.

மேல்மண் வேண்டாம். அதிலுள்ள மட்கு பயிருக்கு உரம். சிமெண்டு இறுகுவதற்கோ தடை. ஒரு முழத்துக்குக் கீழே வெட்டி, கட்டி உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஈரமண்ணை உருண்டை பிடித்து நிழலில் உலர்த்திப் பாருங்கள். வெடித்தால் களி மிகுதி. ஆற்றுமணல் சேர்க்க வேண்டும்.

களர் திருத்த ஜிப்சம் இட்ட வயலின் மண் அறவே கூடாது. ஜிப்சத்திலுள்ள சல்பேட், சிமெண்டிலுள்ள அலுமினேட்டுடன் கூடி ஊசி போன்ற படிகங்களாக வளரும். வளர இடமின்றி, இறுகிய பூச்சை உள்ளிருந்தே பிளந்துவிடும். சல்பேட் மிகுந்த உவர் கிணற்று நீரும் இதே கேட்டைச் செய்யும். எனவே, நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

கரிசல் நிலத்தார் இதில் இறங்க வேண்டாம் என்பேன். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் பூச்சு நிற்காது. நனைந்து உப்பிய கரிசலே கசிவைப் பெரிதும் அடைத்துக்கொள்வதால், அங்குப் பல குட்டைகளுக்குப் பூச்சே தேவைப்படாது.

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீருடன் சேர்ந்து பசைபோலாகி, மண் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளை அடைக்கின்றன. இவ்வினை பல நாள் நடக்கும். இடையில் ஈரம் வற்றினால் வினை நின்றுவிடும். துளைகள் திறந்தே இருக்கும். ஆகவே, நீர்விட்டுப் பிசைந்த கலவையை அரை மணிக்குள் பூசிவிடுங்கள். பூசிய இடத்தில் ஈரச்சாக்கு விரித்து, 10 நாட்களேனும் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். கொத்தனார் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விடுவார். இது வீட்டாரின் பொறுப்பு.

முதலில் தேங்கும் நீரில் சுண்ணாம்புக் காரம் மிகுந்திருக்கும். மீன்குஞ்சு விட நினைப்போர் அந்நீரை இறைத்துவிட்டு, குட்டை மீண்டும் நிரம்பியபின் விடலாம்.