சுசோ: குடும்பங்கள் வாழ்ந்த தோட்டங்கள்



ஷாங்காயில் அதிவேக ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் சுசோ வந்துவிடும். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், 'தாய்' என்ற பெயருள்ள ஏரியின் கரை ஓரமாக இருக்கும் ஊர். கி.மு. 514-இல் வூ நாட்டு அரசர் ஹெலூவுக்காக அவருடைய அமைச்சர் வூ சீஷூ இங்கே தலைநகரை வகுத்தார் என்கிறது வரலாறு. பழைய நகரம் இன்றும் அதே இடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1229-இல் கல்லில் செதுக்கிய நகர வரைபடம் ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதில் தெருக்களும் கால்வாய்களும் இணை இணையாக ஓடுகின்றன. முன்வாசலில் தெரு, பின்வாசலில் படகு வந்து நிற்கும் கால்வாய் என்று வீடுகளைக் கட்டிய ஊர் இது. பிங்ஜியாங் தெருவில் மாலையில் நடந்தால் அந்த அமைப்பு இன்றும் தெரியும்.

நாங்கள் அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைகள் எல்லோருமாக ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து போயிருந்தோம். கொடியை உயர்த்திப் பிடித்து வழிகாட்டி முன்னே போக, நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு தோட்டத்துக்கு ஒரு மணி நேரம், அடுத்தது பட்டுக் கடை என்று நிகழ்ச்சி நிரல். சுசோவை அப்படிப் பார்க்கவே கூடாது. இங்குள்ள தோட்டங்கள் ஊராருக்காகப் போட்ட பூங்காக்கள் அல்ல. பெரும்பாலானவை மதில் சூழ்ந்த வீடுகள். பதவியை விட்டு வந்த அதிகாரிகளும் செல்வர்களும் பெற்றோர், மனைவி, மக்களோடு வாழ்வதற்காகக் கட்டியவை. வீட்டுக்கு வந்த விருந்தாளி உட்காராமல் போகலாமா? நாங்களும் இரண்டாம் நாள் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு எங்கள் போக்கில் பிரிந்தோம்.

முதலில் பெரிய தோட்டம். எளிய அதிகாரியின் தோட்டம் என்று பெயர். ஏறக்குறைய 13 ஏக்கர். அரசாங்க வேலை கசந்துபோன வாங் சியன்சென் என்பவர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அவருடைய நண்பரான ஓவியர் வென் செங்மிங் 1533-இல் இதன் காட்சிகளை 31 ஓவியங்களாக வரைந்து வைத்தார். வாங்கின் மகனோ ஒரே இரவுச் சூதாட்டத்தில் தோட்டத்தையே தோற்றுவிட்டான் என்று சொல்கிறார்கள்.

உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் தண்ணீர். நேர்வழி எதுவும் கிடையாது. பாலம் வளையும், நடைக்கூடம் திரும்பும், வெள்ளைச் சுவரில் வட்ட வாசல் ஒன்று திறக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு காட்சி. மேற்கே பார்த்தால் குளத்துக்கும் மரங்களுக்கும் மேலே ஒரு கோபுரம் நிற்கிறது. தோட்டத்துக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மதிலுக்கு வெளியே தொலைவில் உள்ள வடகோயில் கோபுரம். 76 மீட்டர் உயரம். அது தெரியும்படி இடைவெளி விட்டு மரங்களை வளர்த்திருக்கிறார்கள். வெளியிலுள்ள காட்சியைக் கடன் வாங்குவது என்று இந்த உத்திக்குப் பெயர்.

வானொலி நேயர்களுக்கென்றே அங்கே ஓர் இடம் இருக்கிறது. மழை கேட்கும் மண்டபம். அதைச் சுற்றி வாழையும் மூங்கிலும் வைத்திருக்கிறார்கள், குளத்தில் தாமரை. மழை பெய்தால் வாழை இலையில் ஒரு சத்தம், மூங்கிலில் வேறு சத்தம், தாமரை இலையில் இன்னொன்று. மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகவே நட்டவை. அன்று தூறல் விழுந்தது. மற்றவர்கள் குடையை விரித்து ஓட, அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அந்தத் தோட்டத்தை எங்களில் முழுமையாக அனுபவித்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளுக்கு ஏற்றது சிங்கத் தோப்பு. 1342-இல் தியன்ரு என்ற பௌத்தத் துறவி தன் குருவின் நினைவாக அமைத்தது. தாய் ஏரியின் சுண்ணாம்புக் கற்களை அடுக்கிச் செய்த குன்றும் குகையுமாக ஒரே புதிர்ப்பாதை. தண்ணீர் அரித்து அரித்து ஓட்டை விழுந்த கற்கள் அவை. மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவும் வெளிச்சம் இருந்தால்தான் நல்ல கல் என்று சீன ரசிகர்கள் மதிப்பிடுவார்கள். தம்பி மகளின் குரல் தலைக்கு மேலே கேட்கும். ஆளைப் பிடிக்கக் கீழே இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும். 1917-இல் இதைப் பெய் குடும்பத்தார் வாங்கினார்கள். அந்தக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கோடை விடுமுறையில் இந்தக் குகைகளில் விளையாடியிருக்கிறான். அவர்தான் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்த ஐ. எம். பெய். இங்கிருந்து சில நிமிட நடையில் அவர் வடிவமைத்த சுசோ அருங்காட்சியகம் இருக்கிறது. 2006-இல் திறந்தது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் கூரை, குளம் என்று ஊரின் இயல்பு அதில் அப்படியே இருக்கிறது.

தங்கும் தோட்டம் என்ற இன்னொன்றை விரைவாகவே பார்த்தோம். ஆறரை மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது, அதற்காகவே போகலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகப் பட்டது வலைஞர் தோட்டம். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை இங்கேதான் தெளிவாகக் காணலாம். முன்னே பல்லக்கு இறக்கும் கூடம், அடுத்து விருந்தினர் கூடம், அதன் பின்னே பெண்கள் இருந்த மாடிக்கட்டு. பக்கத்து வாசலைக் கடந்தால் குளம். அதன் மூலையில் மூன்றே எட்டில் கடந்துவிடும் கற்பாலம். பாலம் அவ்வளவு சிறியதாக இருப்பதால் குளம் பெரிதாகத் தெரிகிறது! இதன் ஒரு முற்றத்தை மாதிரியாக வைத்துச் சுசோக் கைவினைஞர்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு தோட்டம் கட்டினார்கள். 1981-இல் அது திறக்கப்பட்டது. அதே முற்றத்தில் 1930-களில் ஓவியர் சாங் ஷான்சியும் அவர் தம்பி சாங் தாசியனும் வசித்தார்கள். அண்ணன் புலி ஓவியங்களுக்குப் பெயர் பெற்றவர். உண்மையான புலிக்குட்டி ஒன்றையே அங்கே வளர்த்தார். அதன் கல்லறைக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வர மறுத்தார்கள்.

சுசோவில் ஒன்பது தோட்டங்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. 1997-இல் நான்கு, 2000-இல் ஐந்து. ஒன்பதையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகும் குடும்பம் ஒரு நாளைக்கு இரண்டு தோட்டங்கள் பார்த்தால் போதும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். அக்டோபர் முதல் வாரம் சீனத் தேசிய விடுமுறை. கூட்டம் தாங்காது, அதைத் தவிருங்கள். நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மழை வந்தால் திட்டத்தை மாற்ற வேண்டாம். நடைக்கூடங்களுக்கெல்லாம் கூரை இருக்கிறது.